அஞ்சுவது பிழையாமோ?

வீதியில் நிற்கும் நாயொன்றின் முன் நாம் சற்றுக் குனிந்தாற் போதும். கையிற் கல் இல்லாவிடினும் அது வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடிவிடும். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தோம் என்பதை அது எங்ஙனம் அறியும்? முன்னர்க் குனிந்த கைகளிலிருந்து கல் வந்தது. ஆதலின் குனியும் கையெல்லாம் அதற்குக் கல்லெறியும் கையே. அச்சம் என்பது இவ்வாறு கற்ற ஒரு பாடம். ஒருமுறை கற்ற பாடத்தை மாற்றிக் கற்பித்தல் கூடுமா?

அமெரிக்காவில் 1866ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் இவ்வினாவை எடுத்துக்கொண்டது. விற்பனைக்காகக் குட்டிகளை ஈனச் செய்யும் கூடுகளிலிருந்தும், அளவின்றி நாய்களைச் சேர்த்து அடைத்துவைத்த வீடுகளிலிருந்தும் அச்சங்கத்தார் மீட்ட நாய்கள் பல, மனிதரைக் கண்டமாத்திரத்தே மூலையில் ஒடுங்கி நடுங்கின. இத்தகையவற்றை எவர் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்வர்? ஏற்பாரில்லாத நாய்களுக்குப் பல காப்பகங்களில் மரணமே முடிவாயிருந்தது. இவற்றைப் பழக்குதற்கென்றே 2013இல் நியூ ஜேர்சி மாநிலத்து மடிசனில் ஒரு நிலையம் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பெற்றது. 2018இல் வட கரோலினாவின் வீவர்வில் என்னும் ஊரில் நிரந்தர நிலையம் எழுந்தது.

அஞ்சும் நாயெல்லாம் அடிபட்ட நாய் என்று எண்ணிவிடலாகாது. 1961இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றிற் குட்டிகள் மனிதப் பழக்கமின்றி வளர்க்கப்பட்டன. 14 வாரம்வரை மனிதரை அறியாதிருந்தவை, பின்னர்ப் பழக்க முயன்றபோது காட்டுவிலங்குபோல் அஞ்சி விலகின. கொடுமை மாத்திரமன்று, இளமையில் அன்பு கிட்டாமையும் அச்சத்தை விளைக்கும் என்பது இதனாற் புலனாகும்.

இனி, பழக்கும் முறையைக் காண்போம். இதன் வேர் ஒரு குழந்தையின் வரலாற்றில் உள்ளது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் உளவியல் அறிஞர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்கு விருப்பமான உணவை ஊட்டியவாறே, கூட்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். நாளடைவில் அச்சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்க்கும் இதுவே வழி. பயிற்றுநர் நேருக்கு நேர் நோக்காது பக்கமாகத் திரும்பி அமர்வார். சுவையான இறைச்சித் துண்டைத் தூரத்தே எறிவார். நாய் உண்ணுமாயின் அத்தூரம் அதற்குப் பொறுக்கத்தக்கது. உண்ணாது நடுங்குமாயின் அவரே பின்வாங்க வேண்டும். அச்சமற்ற வேறொரு நாயைத் துணைவிடுதலும் உண்டு. வேண்டுமிடத்து மிருக வைத்தியர் மருந்தும் கொடுப்பர். கழுத்துப்பட்டியும் கயிறும் படிப்படியாகவே அறிமுகமாகும். எத்தனை அடி நெருங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது நாயே, மனிதர் அன்று.

இவ்வாறு பயின்ற 441 நாய்களைப் பற்றிய அறிக்கை 2022இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 86 விழுக்காடு பயிற்சியில் தேறின. எஞ்சியவை தேறவில்லை என்பதையும் மறைத்தலாகாது. எனினும், ஏற்பாரின்றிக் கிடந்தவற்றுள் இத்தனை உயிர்கள் வீடு புகும் தகுதியை எய்தியமை சிறிய செய்தியன்று.

ஈண்டு இரு தவறுகளை விலக்குதல் வேண்டும். அசையாது கிடக்கும் நாயைப் பிடித்துத் தடவி, “எத்துணைச் சாது!” என்பார் உளர். அது சாதுவன்று, தப்ப வழியில்லையென்று உறைந்து கிடப்பது. உறுமும் நாயை அடிப்பார் வேறு சிலர். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்தால் எச்சரிக்கை மறையும், அச்சம் மறையாது. பின்னர் அந்நாய் உறுமாமலே கடித்துவிடும். ஆதலின் பிள்ளைகள் பெரியோர் துணையின்றி அஞ்சிய நாயை அணுகுதல் தகாது.

இவ்விரு தவறுகளும் நாயோடு நின்றுவிடுவனவல்ல. வகுப்பிற் பின்வாங்கில் வாய் திறவாதிருக்கும் மாணவனை நல்லடக்கமுடையவன் என்கிறோம். எதிர்த்துப் பேசுபவனைப் பிரம்பால் திருத்த எண்ணுகிறோம். இருவரும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்களாயிருத்தல் கூடும். பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்தித்தல் நன்று. அச்சத்தை அதட்டி ஓட்டியவர் எவருமிலர். பொறுமையோடு தூரத்தே அமர்ந்திருப்பவரை நாடி அஞ்சிய உயிர் தானே ஓரடி எடுத்து வைக்குமாயின், அந்த ஓரடியே கல்வி.