ஆட்டப்பெட்டியும் பாடபேதமும்

சென்ற கோடை விடுமுறையில், விருதுநகரிலுள்ள நண்பரொருவர் தம் கையாலேயே ஒட்டுப்பலகையிற் செய்த ஆட்டப்பெட்டியைக் கண்டு மகிழ்ந்தோம். பக்கங்களில் ஒட்டிய வண்ணப்படங்கள் சிவகாசி அச்சகமொன்றில் அடித்தவை. பட்டாசுக் கட்டுகளுக்கு லேபிள் அடித்துத் தேர்ந்த ஊருக்கு இஃது எம்மாத்திரம்! உள்ளே ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி. அதில் 'மேம்' என்னும் மென்பொருள். 1980-இல் வந்த பாக்-மேன் முதலாக, காசு போட்டு ஆடிய பழைய யந்திரங்களின் செயலை ஒத்து நடத்தி, அவற்றின் சிப்புகளினின்று எடுத்த படிகளை இயக்குவது அது.

நண்பர் அம்மென்பொருளைப் புதுப்பித்தார். அவ்வளவே! நேற்றுவரை ஓடிய ஆட்டங்களுட் சில, 'வேண்டிய கோப்புகள் இல்லை' என்று திறக்க மறுத்தன. தங்கை பாதியில் நிறுத்திச் சேமித்திருந்த ஆட்டமும் போயிற்று. ஓடுவதை ஏன் தொடவேண்டுமென்று வீட்டார் கடிந்தனர்.

நாம் நண்பர் பக்கமே நிற்கின்றோம். 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய இம்முயற்சியின் தலையாய நோக்கம் விளையாட்டன்று. அழிந்துவரும் யந்திரங்களைப் பிழையறப் பதிந்து வைத்தலேயாம். முன்னையதினும் திருத்தமான படி கிடைப்பின், புதிய பதிப்பு அதனையே கேட்கும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் வெளியிட்ட சிந்தாமணியைப் பின்னும் ஏடுகளோடு ஒப்புநோக்கித் திருத்தியதை வகுப்பிற் போற்றும் நாம், பெட்டியின் பாடபேதத்தை மட்டும் தொல்லையென்பது முறையோ?

ஆயினும், புதுப்பதிப்பு வந்ததென்று ஐயர் பழைய ஏடுகளை எறிந்துவிடவில்லை. பழைய மென்பொருளையும் அதற்கியைந்த படிகளையும் வேறொரு நினைவட்டையிற் காத்துக்கொண்ட பின்னரே புதியதை ஏற்றல் வேண்டும். நண்பர் அது செய்திலர். தங்கை இன்னும் அவரோடு பேசவில்லை.