கோடையில் துபாய்: தாத்தா பாட்டிக்குப் பள்ளி விடுமுறை கிடையாது

1/
மார்ச் பிறந்தாலே ஓ.பி.யில் ஒரு கேள்வி வர ஆரம்பிச்சிடும்.

"சார், பையன் துபாய்ல இருக்கான். பேரப் பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் எல்லாரையும் வரச் சொல்றான். டிக்கெட் போட்டாச்சு. சுகர், பிரஷர் மாத்திரை மட்டும் சேர்த்து எழுதிக் குடுங்க."

மாத்திரை எழுதுறது சுலபம். அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. எந்த மாசம் போறீங்க?

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன்.

உடம்பு நல்லா இருக்கிற இளம் குடும்பங்கள் கோடையிலும் துபாய் போகலாம், திட்டம் சரியா இருந்தால். ஆனால் 65 வயதைத் தாண்டியவர்கள், இதயம் அல்லது சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இவர்களை மே முதல் செப்டம்பர் வரை அங்கே சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதைத் தவிர்க்கலாம் என்பதுதான் என் ஆலோசனை. நவம்பர் முதல் மார்ச் வரை தாராளமாகப் போகட்டும்.

ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

3/
உடனே வரும் பதில் இது: "நாங்க பாக்காத வெயிலா டாக்டர்? வேலூர் வெயிலையே பாத்தவங்க."

வெயில் பழகுவது உண்மைதான். வெப்பத்தில் தினமும் இருந்து வேலை செய்தால் ஒன்று, இரண்டு வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். சீக்கிரமே வியர்க்கும், வியர்வையில் உப்பு குறைவாக வெளியேறும். ஆனால் அந்தப் பழக்கம் நிரந்தரச் சொத்து இல்லை. சில வாரம் வெயில் படாமல் இருந்தால் போய்விடும். முப்பது வருஷம் முன்னாடி வயலில் நின்றவர் இன்றைக்கு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார் என்றால், அவர் உடம்பு இன்றைய நிலைக்குத்தான் பழகியிருக்கும்.

4/
இன்னொன்று. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரி வெயில் மாதம் கிடையாது. நம்ம ஊர் மக்கள், நம்ம ஊர் கடற்கரை. நெரிசல், நிழலின்மை, தண்ணீர் தட்டுப்பாடு, கூடவே ஈரக் காற்று.

நம்ம ஊர்க்காரர் என்பதால் மட்டும் வெப்பம் யாரையும் விட்டு வைக்காது.

5/
சரி, துபாய் வெயிலில் அப்படி என்ன விசேஷம்?

பாலைவனம் என்றதும் வறண்ட வெப்பம் என்று நினைக்கிறோம். துபாய் பாலைவனம் மட்டும் அல்ல, கடற்கரையும்கூட. பாரசீக வளைகுடா ஆழம் குறைந்த கடல், சராசரி ஆழம் ஏறத்தாழ 35 மீட்டர்தான். கோடையில் கடல் நீரே 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெந்நீரிலிருந்து கிளம்பும் ஈரம் ஊர் மேல் கவிழ்ந்து நிற்கும்.

ஜூலை, ஆகஸ்டில் பகல் உச்ச வெப்பம் சராசரியாகவே 41 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவிலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும்.

6/
"மே மாசம்தானே, பரவாயில்ல" என்பவர்களுக்கு: 2025 மே மாதம் அபுதாபி அமீரகத்தின் ஸ்வைஹானில் 51.6 டிகிரி பதிவானது. அது உள்நாட்டுப் பாலைவனப் பகுதி, துபாய் நகரத்தில் அவ்வளவு வராது. ஆனால் உங்கள் டெசர்ட் சஃபாரி போவதும் பாலைவனத்துக்குத்தானே?

7/
ஈரக் காற்று ஏன் ஆபத்து?

நம் உடம்பின் ஏ.சி. வியர்வைதான். ஆனால் வியர்வை வழிந்து கீழே சொட்டினால் உடம்பு குளிராது. அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாக வழியில்லை. சட்டை நனையும், உடம்பில் உள்ள தண்ணீரும் உப்பும் போகும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும்.

அதனால் போனில் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கிளம்பாதீங்க. பக்கத்தில் "ஃபீல்ஸ் லைக்" என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

8/
"பகல்ல ரூம்ல இருந்துட்டு சாயங்காலம் பீச்சுக்குப் போறோம்."

சென்னையில் இது நல்ல யோசனை. மதியத்துக்கு மேல் கடல் காற்று வந்தால் ஊரே கொஞ்சம் ஆறும். ஜூலை, ஆகஸ்டில் துபாயில் கடல் காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. சூரியன் இறங்கிய பிறகும் மூச்சு முட்டும். அந்த மாதங்களில் வெளியே நடக்க ஓரளவு ஏற்ற நேரம் விடியற்காலைதான்.

9/
ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, நேரடி வெயிலில் திறந்தவெளியில் தொழிலாளர்களை வேலை வாங்கக் கூடாது. அந்தத் தொழிலாளர்களில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும் நிறைய பேர்.

இருபத்தைந்து வயது உழைப்பாளிக்கே ஆகாது என்று அந்த நாடு ஒதுக்கிய நேரத்தில், எழுபது வயது அப்பாவை புர்ஜ் கலீஃபா வாசலில் போட்டோவுக்கு நிறுத்துகிறோம்.

10/
கோடைப் பேக்கேஜ் ஏன் மலிவு என்று யோசித்திருக்கிறீர்களா? வெயிலுக்குப் பயந்து உலகச் சுற்றுலாப் பயணிகள் குறைகிறார்கள். அங்கே வசிப்பவர்களே பலர் விடுமுறைக்கு வெளிநாடு போய்விடுகிறார்கள். ஹோட்டல் அறைகள் காலி. அந்தத் தள்ளுபடி வெயிலுக்கான தள்ளுபடி.

ஏஜென்ட் மேல் தப்பில்லை. அவர் விற்பது அறையும் டிக்கெட்டும். யாருடைய உடம்பு தாங்கும் என்று பார்க்க வேண்டியது நாம்.

11/
எதிர்க்கேள்வி நியாயமானது. "டிசம்பர்ல டிக்கெட் விலை எங்களுக்கு எட்டாது. பிள்ளைங்களுக்கு லீவும் மே மாசம்தான்."

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பள்ளி விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். தாத்தா பாட்டிக்கு அரைப் பரீட்சையும் கிடையாது, முழுப் பரீட்சையும் கிடையாது. அவர்கள் ஏன் மே மாதமே போக வேண்டும்?

பொங்கல் முடிந்து ஜனவரி கடைசி, பிப்ரவரியில் பண்டிகைக் கூட்டம் குறைந்திருக்கும். வெயில் இதமாக இருக்கும். அப்போது மகன் வீட்டுக்குத் தனியாகப் போய் ஒரு மாசம் நிம்மதியாக இருந்துவிட்டு வரட்டும். எல்லாரும் ஒரே போட்டோவில் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

12/
பெற்றோர் நிறைய பேர் மறுப்பு சொல்ல மாட்டார்கள். இதுதான் எனக்குப் பெரிய கவலை.

பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டிருக்கிறான், பணம் கட்டிவிட்டான், "எனக்குத் தலை சுத்துது, ரூமுக்குப் போலாம்" என்று சொன்னால் எல்லார் சந்தோஷமும் கெடும் என்று வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். நம்ம அம்மாக்கள் இன்னும் ஒரு படி மேலே. வெளியூரில் பாத்ரூம் தேடணுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டார்கள். வயதானால் தாக உணர்வும் மங்கிவிடும். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்ற கணக்கு அவர்களுக்குச் செல்லாது.

13/
தேதியை மாற்றவே முடியாது என்பவர்களுக்கு, இனி செய்ய வேண்டியது.

முதலில் மாத்திரைகள். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். நீர் பிரியும் மாத்திரைகள், டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரைகள், சில மனநல மாத்திரைகள், இவையெல்லாம் வெப்பத்திலும் நீரிழப்பிலும் தொந்தரவு தரக்கூடும். டோஸ் மாற்ற வேண்டுமா, வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்திவைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க.

14/
அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்குபவர்கள் கவனிக்க. வெட்டிய ஸ்ட்ரிப்பும், கவரில் போட்ட பெயர் தெரியாத மாத்திரையும் விமான நிலையத்தில் உதவாது. முழு ஸ்ட்ரிப்பாகக் கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எதற்காக என்று ஆங்கிலத்தில் கையெழுத்தும் முத்திரையும் போட்ட ஒரு கடிதம் வாங்குங்கள். நாங்கள் எழுதித் தருவோம்.

டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, பிரிகாபலின், அல்பிரசோலம் போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். கொண்டுபோக அந்நாட்டு அரசிடம் ஆன்லைனில் முன்அனுமதி வாங்க வேண்டும். கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் போடும் சுகர் நோயாளிகள் நம்ம ஊரில் ஏராளம், பாட்டியின் மாத்திரைப் பையை ஒரு தடவை பாருங்கள்.

அப்படியே சமையல் பையையும். கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாவில் அரைத்துப் போட்டதும் வேண்டாம்.

15/
இன்சுலின்: செக்-இன் பெட்டியில் போடாதீங்க, கைப்பையில் வையுங்கள். உபயோகத்தில் இருக்கும் பேனா சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் வீண். ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைத்து உறைந்தாலும் வீண்.

சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும். கூடவே நடை அதிகம், சாப்பாடு தாமதம். சர்க்கரை திடீரென்று இறங்கலாம். குளுக்கோமீட்டரும் நாலு மிட்டாயும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

16/
தண்ணீர்: கடிகாரம் பார்த்துக் குடிக்க வையுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ஒரு விதிவிலக்கு. இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவர் தண்ணீர் அளவைக் குறைத்திருப்பார். அவர்கள் மூன்று லிட்டர் குடிக்கிறேன் என்று கிளம்பினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கோடைத் துபாய் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு எடுத்துப் போங்கள். அதிக வியர்வை, பேதி இருக்கும்போது அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் கலக்க வேண்டும். டெட்ரா பேக்கில் வரும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓ.ஆர்.எஸ். ஆகாது.

17/
நாள் திட்டம்: காலை 9 மணிக்குள் வெளி வேலை. பிறகு மாலை வரை மால், அக்வேரியம், மெட்ரோ, அறை. ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். வந்து இறங்கிய முதல் இரண்டு நாள் ஓய்வு. டெசர்ட் சஃபாரியை முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வெட்டிவிடுங்கள்.

பூட்டிய காரில் குழந்தையை ஐந்து நிமிஷம்கூட விடாதீங்க. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிஷத்தில் 10 டிகிரி வரை சூடு ஏறும்.

18/
இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. வெயிலில் இருந்தவர் உளறினால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், மயங்கினால், அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். வியர்வை நின்றால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்பது தவறு, வியர்த்துக்கொண்டேயும் வரும்.

998க்கு அழையுங்கள், அது அங்கே ஆம்புலன்ஸ் எண். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் குளிர்விக்க ஆரம்பியுங்கள். நிழலுக்கு அல்லது ஏ.சி.க்குள் கொண்டுபோய், உடை தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீங்க. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

19/
நம்ம முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் வெளிநாட்டில் செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சுகர், பிரஷர், ஸ்டென்ட் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அந்தப் பாலிசி பணம் தருமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் மிச்சமாகும், ஐ.சி.யூ. பில் மகன் தலையில் விழும்.

20/
வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்காக உழைத்தவர்கள் விமானம் ஏற வேண்டும், கடல் தாண்டிப் பேரனைக் கொஞ்ச வேண்டும். அதில் எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் கிடையாது.

தேதி குறிக்கும்போது மட்டும், வீட்டில் யாருடைய உடம்பு பலவீனமோ அவரை முன்வைத்துக் குறியுங்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னாடி ஒரு தடவை ஓ.பி.க்கு வாங்க. போட்டுட்டு வந்தால் "போகலாமா" என்று கேட்க மாட்டீங்க, "மாத்திரை குடுங்க" என்றுதான் கேட்பீங்க.

வளைகுடாவில் இருக்கும் உறவுகளுக்கு இதைப் பகிருங்கள்.