காலில் புண், நெஞ்சில் அச்சம்

‘நாய் படாத பாடு’ என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். நமக்கு நேர்ந்த துன்பத்தை அளந்து காட்ட அந்த வாயில்லா உயிரை அளவுகோலாகக் கொள்ளுகிறோம். ஆனால் நம் வீட்டு வாயிலிலேயே படுத்திருக்கும் நாய் உண்மையில் என்ன பாடு படுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? உடலில் அடிபட்டு அது நொண்டினால் நமக்குத் தெரிகிறது. உள்ளத்தில் அடிபட்டு நலிந்தால் தெரிவதில்லை. தெரியும்போதும் அதனைக் குறும்பு என்றும், கொழுப்பு என்றும், கெட்ட காலம் என்றும் பெயரிட்டு விடுகிறோம். இம்மாதம் அந்த உள்ள நலிவைப் பற்றியே நம் குடும்பங்களோடு சிறிது உரையாட விழைகிறோம்.

ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லுகின்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லுகின்றனர். வீட்டோடு இருந்த பாட்டி காலமாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. அவர் கையால் உண்டு, அவர் கட்டிலடியில் உறங்கிய நாய் இப்போது காலை முதல் மாலை வரை தனியே கிடக்கிறது. சில வாரங்களில் அதன் முன்னங்காலில் மயிர் உதிர்ந்து, ஒரு ரூபாய் நாணய அளவில் சிவந்த புண் ஒன்று தோன்றுகிறது. களிம்பு தடவினால் அதையும் சேர்த்து நக்கிவிடுகிறது. கட்டுப் போட்டால் கடித்துக் கிழிக்கிறது. அதட்டினால் எழுந்து மறைவிடம் சென்று அங்கே நக்குகிறது. புண் அகன்று, தடித்து, நீர் வடிகிறது. நாற்றம் தாங்காமல் அதனைக் கொல்லையில் கட்டுகின்றனர். இரவெல்லாம் ஊளையிடுகிறது, அயலார் முகம் சுளிக்கின்றனர். இறுதியில், ‘எங்கேனும் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடலாமா?’ என்ற கேள்வி அவ்வீட்டில் எழுகிறது.

இது நாம் புனைந்த வீடுதான். ஆயினும் இத்தகைய வீடுகளை நம் தெருக்களில் காண்பது அரிதன்று.

முதற்கண் உடலை நோக்க வேண்டும். நக்குவதும் கடிப்பதும் மனநோயால் மட்டுமே வருவன அல்ல. உண்ணி, தெள்ளுப்பூச்சி, சொறி, காளான் தொற்று, உணவு ஒவ்வாமை, தோலில் தைத்த முள், மூட்டு வலி ஆகிய யாவும் ஒரே இடத்தை விடாது நக்கச் செய்யும். எனவே, ‘இதற்கு ஏக்கம் பிடித்திருக்கிறது’ என்று நாமே முடிவு கட்டிவிடாமல், கால்நடை மருத்துவரிடம் காட்டுதலே முதற்படி. அவர் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். தேவையெனில் மூட்டினை எக்ஸ்ரே எடுப்பார். அரசு கால்நடை மருந்தகங்களும், 1903ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களும் இதற்கு உதவும்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. எச்சிலில் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் சில இருப்பது உண்மையே. ஆயினும் ஓயாத உராய்வும் ஈரமும் தோலை அரித்துவிடும். அரித்த தோலுள் கிருமிகள் ஆழப் புகும். கிருமிகளால் அரிப்பு மிகும். அரிப்பினால் நாய் மேலும் நக்கும். இவ்வாறு ஒரு சக்கரம் சுழலத் தொடங்கிவிட்டால், முதலில் அதனைத் தள்ளிவிட்ட காரணம் நீங்கிய பின்னரும் அது தானே சுழன்றுகொண்டிருக்கும். லாப்ரடார், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பேருடல் நாய்களிடம் இந்த நக்குப்புண் மிகுதியாகக் காணப்படுகிறது. வேறு சில நாய்கள் தம் வாலையே துரத்திக் கடிக்கும். சில, விலாப்புறத்தை வாயால் பற்றிச் சப்பும்.

உடலில் காரணம் காணப்படாதபோதும், கண்டு நீக்கிய பின்னரும் பழக்கம் தொடரும்போதும், உள்ளத்தை நோக்க வேண்டும். நாய்க்கும் உள்ளம் உண்டோ என வினவுவோர்க்கு உருசிய அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடம் நல்ல விடை தருகிறது. அங்கே ஒரு நாய்க்கு வட்டத்தைக் காட்டியபின் உணவு தரப்பட்டது. நீள்வட்டத்தைக் காட்டியபின் தரப்படவில்லை. நாய் இரண்டையும் வேறுபடுத்தக் கற்றுக்கொண்டது. பின்னர் நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டத்தை ஒக்குமாறு மாற்றினர். அதன் நீள அகலங்கள் 9க்கு 8 என்னும் அளவை நெருங்கியபோது நாயால் வேறுபாடு காண இயலவில்லை. அதுவரை அமைதியாக நின்ற நாய் கத்தியது, நெளிந்தது, தன்மேல் பொருத்தியிருந்த கருவிகளைப் பல்லால் பிய்த்தது. அதனை எவரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அடுத்து என்ன வரும் என்று அறிய இயலாத நிலையே அதன் உள்ளத்தைக் குலைத்துவிட்டது.

இவ்வாய்வில் நம் இல்லங்களுக்கு ஒரு பாடம் உண்டு. இன்று நாற்காலியில் ஏறினால் கொஞ்சுகிறோம். நாளை விருந்தினர் வந்திருக்கையில் ஏறினால் அதே செயலுக்கு அடிக்கிறோம். ஒருநாள் காலையில் உணவு, மறுநாள் மறந்து நண்பகலில் உணவு. தந்தை ‘வா’ என்கிறார். மகன் ‘போ’ என்கிறான். வட்டமா நீள்வட்டமா என்று தெரியாமல் தவித்த அந்த நாயின் நிலையில்தான் நம் வீட்டு நாயையும் நாம் வைத்திருக்கிறோம்.

1924ஆம் ஆண்டு செப்டம்பரில் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் புகுந்தபோது, பாவ்லோவின் நாய்கள் கூண்டுக்குள் நீரில் தத்தளித்து, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டன. பிழைத்த நாய்களுள் சில, கற்றவற்றை எல்லாம் இழந்து நெடுநாள் கலங்கியிருந்தன. பின்னொரு நாள் கதவின் அடியில் சிறிது நீர் கசிந்து வரக் கண்டதும், தேறியிருந்த நாய்க்குப் பழைய கலக்கம் மீண்டது. தீபாவளி வெடிக்கும், திருவிழா வாணவேடிக்கைக்கும், இடியோசைக்கும் நடுங்கிக் கட்டிலடியில் ஒடுங்கும் நாயைக் கண்டு நகைப்போர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஒருமுறை ஆழப் பதிந்த அச்சத்தை எழுப்பச் சிறு ஓசை போதும்.

பிறவியும் ஒரு காரணமாகலாம். டாபர்மேன் நாய்கள் விலாவைச் சப்பும் பழக்கத்திற்கும், அவற்றின் 7ஆம் குரோமோசோமின் ஒரு பகுதிக்கும் தொடர்பிருப்பதை 2010ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆதலால், நன்றாக வளர்த்தும் நாய் இவ்வாறு ஆயிற்றே என்று எவரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

இனி மருத்துவத்தைக் காண்போம். சக்கரத்தை நிறுத்த முதலில் நாக்கு புண்ணை எட்டாதவாறு செய்ய வேண்டும். கழுத்தைச் சுற்றிக் கூம்பு வடிவில் அணிவிக்கும் பட்டை இதற்கென்றே விற்கப்படுகிறது. கிருமி ஆழப் பரவியிருந்தால், அதனைக் கொல்லும் மருந்தைப் பல வாரங்கள் தொடர்ந்து தர நேரிடும். மேலே ஆறியது கண்டு இடையில் நிறுத்திவிட்டால் புண் மீண்டும் கிளம்பும். உண்ணி போக மண்ணெண்ணெய் தடவும் பழக்கத்தை அறவே விடுக. அது தோலையும் எரிக்கும். நக்கினால் உள்ளே சென்று நஞ்சாகும்.

உள்ளத்திற்கும் மருந்து உண்டு. மனிதருள் சிலர் கையை நூறுமுறை கழுவியும் நிறைவடையாமல் மீண்டும் கழுவுவதை நாம் அறிவோம். அந்நோயை ஆராய்ந்த ஜூடித் ராப்போபோர்ட் என்னும் அமெரிக்க மருத்துவ அம்மையாரும் உடன் ஆய்வாளரும், அவர்களுக்குப் பயன்படும் குளோமிப்ரமின் முதலிய மருந்துகளை நக்குப்புண் உற்ற நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நக்குதல் குறைந்ததை 1992ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தனிமையில் பதறும் நாய்களுக்காகக் குளோமிப்ரமின் 1998ஆம் ஆண்டிலும், ஃபுளுவாக்செட்டின் 2007ஆம் ஆண்டிலும் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றன. பயிற்சியோடு சேர்த்தே இவற்றைத் தரவேண்டும் என்பது அவ்வொப்புதலின் விதி. இவை பயன் தர நான்கு முதல் எட்டு வாரங்கள் ஆகலாம். மருத்துவரைக் கேளாமல் தொடங்குவதும் தீது. திடீரென நிறுத்துவதும் தீது. வீட்டில் நமக்கென வாங்கி வைத்துள்ள மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது அதனினும் தீது. நம் வலியைத் தீர்க்கும் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் போக்கும்.

மருந்து பாதி எனின், வீடு மறுபாதி. குடும்பத்தார் செய்யத்தக்கவற்றைக் கீழே தருகிறோம்.

ஒரு குறிப்பேடு வைத்து, நாய் எப்போது நக்குகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று இரு வாரங்கள் எழுதி வருக. நாம் புறப்படும் வேளையிலா, அயல்வீட்டில் சம்மட்டி ஒலிக்கும்போதா, வேலையின்றிக் கிடக்கும் பிற்பகலிலா என்பது புலப்படும். மருத்துவர்க்கும் அக்குறிப்பு பேருதவியாகும்.

உணவு, உலாவல், உறக்கம் மூன்றிற்கும் நேரம் வகுத்துக்கொள்க. காலையில் நாம் புறப்படுமுன் அரைமணி நேரமேனும் அதனை வெளியே அழைத்துச் சென்று விருப்பம்போல் மோப்பம் பிடிக்க விடுக. உணவின் ஒரு பகுதியைச் சிறு சிறு கவளங்களாக முற்றத்தின் பல இடங்களில் வைத்துத் தேடி உண்ணச் செய்க. மூக்குக்கு வேலை கிடைத்தால் நாக்கு ஓய்வு பெறும்.

தனிமையைச் சிறிது சிறிதாகப் பழக்குக. நாம் செருப்பணிவதையும் சாவிக்கொத்தை எடுப்பதையும் கண்டதுமே சில நாய்கள் பதறத் தொடங்கும். எனவே வெளியே செல்லாத வேளையிலும் சாவியை எடுத்து மீண்டும் வைத்துவிடுக. பின்பு கதவைச் சாத்தி அரை நிமிடத்தில் திரும்புக. பின்பு இரண்டு நிமிடம். பின்பு பத்து நிமிடம். நாய் பதறுமுன் திரும்பிவிடுதலே இப்பயிற்சியின் உயிர். ஞாயிறு காலையில் குடும்பத்தார் அனைவரும் ஒருசேரக் கோவிலுக்குச் செல்லும் வீடுகளில், பயிற்சி முடியும்வரை இருவேறு பூசைகளுக்குப் பிரிந்து செல்லுதல் இயலாததன்று.

நக்கும்போது அதட்டவும் வேண்டா. ஓடிச்சென்று கொஞ்சவும் வேண்டா. இரண்டும் அச்செயலுக்கே நீர் வார்க்கும். அமைதியான குரலில் வேறோரிடம் அழைத்து, வேறொரு செயலில் ஈடுபடுத்துக. அது நக்காமல் அமைதியாகப் படுத்திருக்கையில்தான் தடவிக் கொடுத்தல் வேண்டும்.

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியை இங்கே கொண்டுவருவோர் உண்டு. ‘நாம் திரும்பி வரும்போது தலையைத் தொங்கவிட்டு நிற்கிறதே, தன் பிழையை அது அறிந்தன்றோ நிற்கிறது?’ என்றும் கேட்பர். 2009ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்னும் ஆய்வாளர் இதனைச் சோதித்தார். தவறு செய்த நாய், செய்யாத நாய் என்ற வேறுபாடின்றி, உரிமையாளர் கடிந்துகொண்டபோதே நாய்கள் அத்தோற்றம் காட்டின. பிழையுணர்வென்று நாம் கருதியது அச்சமே. அச்சத்தால் வந்த நோய்க்கு மேலும் அச்சத்தை மருந்தாக ஊட்டலாமோ?

ஓர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. நாய் திடீரென இயல்பு மாறி, எச்சில் ஒழுக, விழுங்க இயலாமல், எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்க முற்பட்டால், அது வெறிநோயாக இருத்தல் கூடும். வெறிநோய் கண்ட நாயும் தன் உடலைத் தானே கடித்துக்கொள்வதுண்டு. பிள்ளைகளை அகற்றிவிட்டு உடனே கால்நடை மருத்துவர்க்கு அறிவிக்க வேண்டும். கடிபட்டாலோ, எச்சில் நம் புண்ணில் பட்டாலோ, அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வளர்ப்பு நாய்க்கு மருத்துவர் குறிக்கும் காலத்தில் தவறாது வெறிநோய்த் தடுப்பூசி போடுதல் ஒவ்வொரு குடும்பத்தின் கடமை.

‘கொண்டுபோய் விட்டுவிடலாமா?’ என்று அவ்வீட்டில் எழுந்த கேள்விக்கு இப்போது வருவோம். பசித்துத் துன்புறும் நிலையில் விலங்கைக் கைவிடுதலும், தகாத குறுஞ்சங்கிலியில் நெடுநேரம் பிணைத்து வைத்தலும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்தைக் காட்டிலும் நம் உள்ளத்தைத் தொட வேண்டியது வேறொன்று. தனிமையால் நோயுற்ற உயிரை அறியாத தெருவில் இறக்கிவிடுதல், அது எதற்கு அஞ்சியதோ அதனையே அதற்குத் தீர்ப்பாக அளிப்பதாகும்.

அதனை நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதையும் மறவாதிருப்போம். நலமாக இருந்தபோது கொஞ்சிய உயிரை, நோயுற்றபோது இவ்வீடு என்ன செய்கிறது என்பதை அவர்கள் கருத்தூன்றிக் காண்கின்றனர். நாளை இவ்வீட்டில் முதுமையால் தளர்பவரையும், மனம் நொந்து ஒடுங்குபவரையும் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை அவர்கள் இன்றே கற்றுக்கொள்ளுகின்றனர்.

இந்நோய் சிலவற்றில் முழுதும் தீராது. குறைந்து, மறைந்து, வீட்டில் கலக்கம் நேரும்போது மீண்டும் தலைகாட்டும். அப்போதும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் அடக்குவது எளிது. எனவே இன்று மாலை வீடு திரும்பியதும், வாலை ஆட்டிக்கொண்டு வரும் நாயின் நான்கு கால்களையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள். மயிர் உதிர்ந்த இடமோ, ஈரம் காயாத இடமோ தென்பட்டால் நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அது தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. நாம்தான் கண்டறிந்து அதற்காகப் பேச வேண்டும்.