பறக்கும் மோட்டார் சைக்கிளும் பாறைமேல் ஒருவனும்

நம் இதழுக்கு ஒரு கிளை வேண்டும் என்று நண்பர்கள் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறிவியல் புனைவுக்கென்று தனி இணைப்பு. தாய் இதழில் இடம் கிடைக்காத கதைகள் அதில் வரும். தாள் மட்டமாக இருந்தால் போதும், அட்டை ஒற்றை வண்ணம். செலவு கையைக் கடிக்காது என்பது அவர்கள் கணக்கு. “மிச்சம் மீதியை வைத்தே ஒப்பேற்றிவிடலாம் சார்” என்றார் ஒருவர். மட்டமான தாளைப் பற்றி எனக்குப் பயமில்லை, அதில்தான் இத்தனை வருடமும் ஓட்டியிருக்கிறோம். அந்த ‘ஒப்பேற்றிவிடலாம்’தான் வயிற்றைக் கலக்கியது. அன்றிரவு ‘கேலக்டிகா 1980’ தொடரின் பழைய குறுந்தகடுகளைத் தேடி எடுத்து மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். மொத்தம் பத்தே எபிசோட். தொலைக்காட்சி வரலாற்றின் மோசமான கிளைத்தொடர்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதில் இதற்கு ஓர் இடம் உறுதி.

முதலில் தாய்த்தொடர். 1978 செப்டம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’ தொடங்கியது. ‘ஸ்டார் வார்ஸ்’ வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் படத்தின் விண்கலக் காட்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜான் டைக்ஸ்ட்ராவையே தயாரிப்பாளர் க்ளென் லார்சன் இதற்கும் அழைத்து வந்தார். பார்த்தவர்களுக்குச் சாயல் தெரியாமல் இருக்குமா? ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வழக்கே போட்டது. கதை என்னவோ ‘ஸ்டார் வார்ஸ்’ கதை அல்ல, அகதிகளின் கதை. பன்னிரண்டு கோள்களில் வாழ்ந்த மனித இனத்தை, சமாதான ஒப்பந்தம் பேச வருவதாகச் சொல்லி ஏமாற்றி, சைலான் என்ற இயந்திரப் படை அழித்துவிடுகிறது. தப்பியது ஒரே ஒரு பெரிய போர்க்கப்பல். அதன் பின்னால் கையில் கிடைத்த சரக்குக் கப்பல், பயணிகள் கப்பல், ஓட்டை உடைசல் என்று இருநூறுக்கு மேற்பட்ட கலங்களில் எஞ்சிய மக்கள். பதின்மூன்றாவது குலம் ஒன்று முன்னொரு காலத்தில் பூமி என்ற இடத்துக்குப் போயிற்றாம். அந்த ஒரு கதையை நம்பி இந்தக் கூட்டம் புறப்படுகிறது. தளபதி அடாமாவாக லார்ன் கிரீன், வெண்கலக் குரலோடு. போலிச் சமாதானத்தில் தொடங்கும் இந்த முதல் எபிசோடை நடுவில் நிறுத்திவிட்டு, கேம்ப் டேவிட் உடன்பாட்டை அறிவிக்க கார்ட்டரையும் சதாத்தையும் பெகினையும் காட்டினார்கள். இந்தப் பொருத்தத்தை எந்த எழுத்தாளனும் தன் கதையில் வைக்கத் துணிந்திருக்க மாட்டான்.

ஒரு எபிசோடுக்கு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர் செலவு என்று அன்றே பேசப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கை மோசமில்லை, ஆனால் அந்தச் செலவுக்குப் போதவில்லை. ஒரே பருவத்தில் நிறுத்தினார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். நிலையத்துக்கும் சபலம் விடவில்லை: தொடர் வேண்டும், செலவு வேண்டாம். விண்வெளிதானே காசைத் தின்கிறது, ஆட்களை பூமியில் இறக்கிவிடு என்று முடிவாயிற்று. லாஸ் ஏஞ்சலஸ் தெருவுக்கு செட் போட வேண்டாம், சட்டை பேன்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். நின்ற ஒன்பதாவது மாதம், 1980 ஜனவரி 27 அன்று, ‘கேலக்டிகா 1980’ வந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிக்கனத்துக்காகச் செய்த அந்த மாற்றத்தில் தாய்த்தொடரில் இருந்ததைவிட ஆழமான ஒரு கரு தானாக வந்து விழுந்திருந்தது. பல ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு பூமியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் இறங்க முடியாது. இவர்கள் போகிற வழியெல்லாம் சைலான்கள் பின்தொடர்கின்றன. இவர்கள் கால் வைத்தால் பூமியும் அழியும். காப்பாற்றும் என்று நம்பி வந்த மண்ணோ இன்னும் ராக்கெட்டையே ஒழுங்காக விடத் தெரியாத நிலையில் இருக்கிறது. ஆகவே வாசல்வரை வந்தவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டும். மாறுவேடத்தில் இரண்டு பேரை அனுப்பி, அந்த வீட்டுக்காரர்களை அவர்களுக்கே தெரியாமல் பலசாலிகளாக்க வேண்டும். புகலிடம் தேடிப் போகிறவன் தன் ஆபத்தையும் கூடவே எடுத்துப் போகிறான் என்ற இந்த முடிச்சை வைத்து எத்தனை கதை எழுதலாம்! செட்டே வேண்டாம், ஓர் அறை, ஒரு மேசை, உண்மையைச் சொல்ல முடியாத ஒருவன், கேள்வி கேட்கும் இன்னொருவன். இவ்வளவு போதும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பறக்கும் மோட்டார் சைக்கிள் விட்டார்கள்.

நிஜமாகவே. தாய்த்தொடரில் சிறுவனாக வந்த பாக்சி வளர்ந்து ட்ராய் ஆகிவிட்டான் (கென்ட் மெக்கார்ட்). அவன் தோழன் டில்லன் (பேரி வான் டைக்). இருவரும் பூமிக்கு வந்து பொத்தானை அழுத்தினால் வண்டி இறக்கை முளைத்துப் பறக்கும். வேறு பொத்தானை அழுத்தினால் ஆளே மறைந்துபோவார்கள். ஆளை மறையவைப்பது கேமராவை நிறுத்தி மறுபடி ஓட்டினால் கிடைக்கும் தந்திரம், சினிமா பிறந்த காலத்திலேயே தெரிந்த வித்தை, அதனால் ஓயாமல் மறைந்தார்கள். முதல் கதையிலேயே காலப்பயணம் போய் 1944-இன் ஜெர்மனியில், பீனமுண்டேயில், வி-2 ராக்கெட்டுக்கு நடுவே நின்றார்கள். வாரம் ஒரு சரித்திர காலம் என்பதுதான் ஆரம்பத் திட்டம். நிலையத்துக்கு அது பிடிக்கவில்லை, கைவிடப்பட்டது. சைலான்கள் லாஸ் ஏஞ்சலஸைத் தாக்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு கற்பனைக் காட்சி வருகிறது. இடியும் கட்டடங்கள் யுனிவர்சலின் 1974 படமான ‘எர்த்க்வேக்’கிலிருந்து எடுத்து ஒட்டியவை. பூகம்பத்தில் ஓடுகிற மக்கள் வானத்தைப் பார்க்கவே இல்லை. ஏன் பார்க்கப்போகிறார்கள், அவர்களுக்கு ஆபத்து தரையிலிருந்தல்லவா வந்தது!

ஒட்டுவேலையை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய பிளேட்டிலிருந்து படம் எடுத்து அட்டை போட்டவன் நான். ஒட்டியது தெரிகிறது என்பதும் என் புகார் அல்ல. ஒட்டிய பிறகு அந்தத் துண்டைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை என்பதுதான் புகார்.

நேரம் வேறு சதி செய்தது. ஞாயிறு மாலை ஏழு மணி. அமெரிக்க விதிமுறைப்படி அந்த மணி குழந்தைகளுக்கும் செய்திக்கும் கல்விக்கும் ஒதுக்கப்பட்டது. எனவே சண்டைக்குக் கடிவாளம், பாடத்துக்குத் தாராளம். விண்வெளிக்காரர்கள் நடுவில் நின்று பொது அறிவு சொன்னார்கள். அடுத்த சேனலில், சி.பி.எஸ்.ஸில், அதே மணிக்கு ‘60 மினிட்ஸ்’. அந்தப் பருவத்தில் அமெரிக்காவே அதிகம் பார்த்த நிகழ்ச்சி. விண்வெளிச் சிறுவர் சாரணர் படை ஒன்று வந்தது. பூமியின் ஈர்ப்பு அவர்களுக்குக் குறைவு என்பதால் துள்ளினால் மரத்துக்கு மேலே போவார்கள். அந்தப் பிள்ளைகளை வைத்து ஒரு முழு எபிசோடில் பேஸ்பால் ஆடினார்கள். மனித இனத்தின் கடைசிக் கூட்டம் வானத்தில் காத்திருக்கிறது, கீழே இவர்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள். அந்த எபிசோடில் வில்லனாக வருபவர் ஜெரமி பிரெட். சில வருடம் கழித்து ஷெர்லாக் ஹோம்ஸாக உலகம் கொண்டாடிய அதே பிரெட். அந்த ஆளிடம் கொடுக்க அவர்களிடம் ஒரு நல்ல வசனம்கூட இல்லை.

இதையெல்லாம் சிரித்துச் சிரித்துப் பார்க்கும் ரசிகர் கூட்டம் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஹாலோவீன் இரவில் நியூயார்க்கில் சைலான்கள் இறங்கும் எபிசோடைப் பாருங்கள். ஒன்று தகரக் கவசத்தோடு. மற்றது மனித உருவில். கவசக்காரனைப் பார்த்து, என்ன அருமையான வேஷம் என்று சொல்லி விருந்துக்கு அழைத்துப் போகிறார்கள். கோமாளித்தனமாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் மனிதனிலிருந்து பிரித்தறிய முடியாத சைலான் என்ற எண்ணம் அங்கே வந்துவிட்டது. 2003-இல் ரொனால்ட் டி. மூர் தொடரைப் புதிதாகப் படைத்தபோது அந்த எண்ணத்தின் மீதுதான் முழுக் கட்டடமும் எழுந்தது. அவர் இதிலிருந்து எடுத்தார் என்று சொல்லவரவில்லை. விதை 1980-லேயே கையில் இருந்தது, அவர்கள் அதை வறுத்துத் தின்றுவிட்டார்கள் என்கிறேன்.

இனி பத்தாவது எபிசோட். 1980 மே 4. தொடர் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்ட நேரம். ‘ஸ்டார்பக்கின் மீள்வருகை’ என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தாய்த்தொடரின் செல்லப்பிள்ளை ஸ்டார்பக். சூதாடி, வாயாடி, சுருட்டை வாயிலிருந்து எடுக்காத விமானி. டர்க் பெனடிக்ட் அந்தப் பாத்திரத்துக்காக ஒரே ஒரு தடவை திரும்பி வந்தார். கதை பழைய நாட்களுக்குப் போகிறது. சண்டையில் அவன் கலம் பழுதாகி ஒரு பொட்டல் கோளில் விழுகிறது. திரும்பிப் போய்த் தேடினால் மொத்தக் கூட்டத்துக்கும் ஆபத்து என்று அடாமா அவனை விட்டுவிட்டுப் போகிறார். அகதிக் கூட்டத்தின் தலைவன் எடுக்க வேண்டியிருக்கும் முடிவு அது. பேஸ்பால் ஆடிய தொடரில் இப்படி ஒரு காட்சி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவனோடு சேர்ந்து சைலான் கலமும் ஒன்று விழுந்து நொறுங்கியிருக்கிறது. பேச்சுத்துணை இல்லாமல் பைத்தியம் பிடிக்கும் போலிருக்கிறது. உடைந்த பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து, தன் இனத்தை அழித்த படையின் ஒரு சிப்பாயை அவனே உயிர்ப்பிக்கிறான். அதற்கு சை என்று பெயர் வைக்கிறான். சீட்டாடக் கற்றுக்கொடுக்கிறான். வெகுநாள் ஒரே வீட்டில் வாழ்ந்து சலித்த கிழத்தம்பதி மாதிரி இருவரும் சண்டை போடுகிறார்கள். எனக்கு ஒரு பெண் துணை வேண்டும் என்று அவன் எரிச்சலில் கத்த, அதை அப்படியே எடுத்துக்கொண்ட இயந்திரம் கிளம்பிப் போய் எங்கிருந்தோ ஒரு கர்ப்பிணியை அழைத்துவந்து நிறுத்துகிறது. (அதற்குப் பிறகு கதையில் கொஞ்சம் மாயமந்திர வாடை. அந்தக் குழந்தைதான் தொடரில் வரும் மேதைச் சிறுவன் டாக்டர் ஸீ என்று முடிச்சுப் போடும் அவசரம். பொறுத்துக்கொள்ளலாம்.) குழந்தை பிறக்கிறது. உடைசல்களைக் கொண்டு ஒரு சிறு கலம் கட்டித் தாயையும் பிள்ளையையும் அனுப்பிவைக்கிறான். அதில் அவனுக்கு இடமில்லை. பிறகு மூன்று சைலான்கள் வந்து இறங்குகின்றன. சை தன் இனத்தைச் சுட்டு அவனைக் காப்பாற்றுகிறது, தானும் வீழ்கிறது. பாறைகளுக்கு நடுவே மறுபடி தனியாக ஸ்டார்பக்.

பாறை, உடைசல், இரண்டு பாத்திரம். அதில் ஒன்றுக்கு முகமே கிடையாது, கேரி ஓவன்ஸின் குரல் மட்டும். பறக்கும் மோட்டார் சைக்கிள் இல்லை, கூட்டம் இல்லை, நகரம் இல்லை. கண்ணால் பார்த்தே சொல்லலாம், இதற்கு அதிகம் செலவாகியிருக்காது. தாய்த்தொடரின் ஆடம்பரமான எபிசோட்கள் பலவற்றைவிட இது நல்ல படைப்பு. இதே நிலையம், இதே லார்சன், இதே கஞ்சத்தனம். அப்படியானால் முந்தைய ஒன்பதும் காசில்லாமல் கெட்டன என்று எப்படிச் சொல்வது? பணக்காரத் தொடர் ஒன்றின் பழைய துணியை வெட்டிச் சிறிய உடம்புக்குப் போட்டார்கள், அதனால் கெட்டன. விண்கலம் பறந்த இடத்தில் மோட்டார் சைக்கிள், போர் நடந்த இடத்தில் பேஸ்பால், பிரம்மாண்டம் இருந்த இடத்தில் அதன் மலிவுப் பதிப்பு. கடைசி எபிசோட் எதற்கும் பதிலி தேடவில்லை. அதற்குத் தேவைப்பட்டதெல்லாம் அதன் கையிலேயே இருந்தது.

க்ரிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’யை நம் வாசகர்களில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். 1962, இருபத்தெட்டு நிமிடம், மூன்றாம் உலகப்போருக்குப் பின் பாரிஸ், காலப்பயணம். ஏறக்குறைய முழுப் படமும் அசையாத புகைப்படங்கள். ஒரே ஓர் இடத்தில் ஒரு பெண் கண் திறக்கிறாள், அது மட்டும் அசைகிறது. திரைப்படம் எடுக்க வசதியில்லாதவன் புகைப்படத்தில் சமாளித்தான் என்று அதைப் பார்த்து யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். லார்சனுக்கு எழுத அவகாசம் இல்லை. நிலையம் வாரத்துக்கு ஒரு மாதிரி முடிவெடுத்தது. காலப்பயணத்தை எடு, பாடத்தைச் சேர், அடியைக் குறை என்று ஆளாளுக்கு இழுத்தால் வண்டி எங்கே போகும்? டாக்டர் ஸீயாக நடித்த பையனையே இடையில் மாற்றினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, பத்திரிகை நடத்துகிறவனுக்கு வரக்கூடாத கோபம் அது. ஆனால் அந்தக் குழப்பத்துக்கு நடுவிலும் ஒருவர் உட்கார்ந்து, என்னிடம் ஒரு நடிகன், ஒரு கவசம், கொஞ்சம் பாறை இருக்கிறது, இதில் என்ன கதை நடக்கும் என்று கேட்டிருக்கிறார். ஜனவரியில் கேட்க வேண்டிய கேள்வி மே மாதம்தான் வந்தது.

ஆகவே இணைப்பு வரும். நண்பர்களே, சந்தோஷப்படுங்கள். ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், அதற்கு மேல் பணம் இல்லை. தாய் இதழில் இடம் கிடைக்காமல் கோப்பில் கிடக்கும் எதையும் அதில் போடமாட்டேன். அந்தக் கோப்பை இந்த வாரமே உரியவர்களுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள். புதிதாக எழுதுங்கள். இரண்டு பாத்திரம், ஓர் இடம், மூவாயிரம் சொல்லுக்குள். கேலக்ஸிகளின் போர் வேண்டாம். மோட்டார் சைக்கிள் வந்தால் அது தரையிலேயே ஓடட்டும்.

— ஆசிரியர்