மண்ணுள் கிடக்கும் ஊசி

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே பாலாற்றங்கரையில் உள்ளது செவிலிமேடு. இராமாநுசர் வரதராசப் பெருமானுக்கு நாள்தோறும் நீர் கொணர்ந்தார் என்று வைணவர் போற்றும் சாலைக் கிணறு இதன் அருகே இருக்கின்றது. கிணற்றையும் கோவிலையும் காக்க மக்களின் பத்தி உண்டு. பழைய வீடு இடிந்த மனையில் மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும் பித்தளைப் பொத்தானுக்கும் செம்பூசிக்கும் காவல் யாது?

மேலைநாடுகளில் இத்தகைய சிறு பொருள்களைத் தேடி எடுப்பதைப் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ளனர். அதற்கெனக் கருவி ஒன்றுண்டு. அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் பாயக் காந்தப்புலம் மண்ணுள் செல்லும். ஆங்கு உலோகம் இருப்பின் அப்புலம் மாறுபடும். கருவி ஒலி எழுப்பும். ஒலித்த இடத்தைத் தோண்டிப் பொருளை எடுப்பர். இதனைக் களவு என்று இகழ்தல் முறையன்று. நிலத்துக்கு உரியவரின் இசைவு பெற்றுத் தேடுவோர் பலர். கிடைத்தது யாது, எங்கே கிடைத்தது என்று பதிந்து வைக்கும் ஏற்பாடும் இங்கிலாந்தில் 1997 முதல் இருந்து வருகின்றது. ஆயினும் நம் ஊர்ப் பழைய மனைகளுக்கு இவ்வழக்கம் பொருந்தாது. காரணத்தைக் கீழடியில் காணலாம்.

வைகைக் கரைக் கீழடியில் செம்பூசி கிடைத்தது. நூல் நூற்கும் தக்களிகளும், எலும்பாலான கூர்முனைக் கருவிகளும், தறியில் தொங்கவிடும் கற்களும் அகழ்வில் வெளிப்பட்டன. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கியே, அங்கு நெசவு நடந்ததென்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் கூறியது. 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியை ஆராய்ந்தபோது, அது கி.மு. ஆறாம் நூற்றாண்டினது எனத் தெரிந்தது. உலோகம் தேடும் கருவி அங்குச் சென்றிருந்தால் ஊசிக்கு மட்டுமே ஒலித்திருக்கும். மண்தக்களிக்கு ஒலியாது, எலும்புக்கு ஒலியாது, காலத்தைக் காட்டிய கரிக்கும் ஒலியாது. ஊசியைத் தேடித் தோண்டிய மண்வெட்டி அவற்றைச் சிதைத்திருக்கும். அடுக்கடுக்காய்ப் படிந்த மண்ணையும் கலைத்திருக்கும். நெய்யும் பாவிலிருந்து ஓர் இழையை உருவினால் நேர்வது என்னவென்று செவிலிமேட்டு நெசவாளருக்கு எவரும் சொல்ல வேண்டுவதில்லை.

கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பழங்காசுகளை எடுத்தனரே, அதனால் சேரர் வரலாறு விளங்கவில்லையா எனச் சிலர் வினவலாம். விளங்கியது உண்மையே. மாக்கோதை என்னும் பெயர் பொறித்த காசும் அவ்வாறு கிடைத்ததே. ஆனால் அக்காசுகளை ஆற்று வெள்ளம் முன்னமே இடம் பெயர்த்துவிட்டது. மேலும், காசில் எழுத்துண்டு. ஊசியில் எழுத்தேது? உடன் கிடப்பனவே அதன் வரலாற்றைச் சொல்லவல்லன.

1878ஆம் ஆண்டின் புதையற் சட்டம் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது போலும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருள் மண்ணில் கிடைப்பின், கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும் என்பது அதன் விதி. பொருளின் தன்மையையும் மதிப்பையும் மட்டும் எழுதினால் போதாது. கிடைத்த நாளையும், கிடைத்த இடத்தையும் எழுத வேண்டும்.