அடுக்களைப் பக்கம்: தொடர்மாடியில் தணலும் புகையும்



இரண்டு பெருநாள்களுக்கு முன்னர் நடந்தது இது. பிள்ளைகளின் ஆசைக்காக, எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் கரி அடுப்பை வைத்து ஆட்டிறைச்சி சுட்டோம். அரைமணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேல்மாடி அம்மா நின்றிருந்தார்.

“பிள்ளை, குறை நினையாதேங்கோ. பேரனுக்கு முட்டு வருத்தம். யன்னல் எல்லாம் பூட்டியும் புகை வருது. பெடியன் மூச்சு விட ஏலாமக் கிடக்கிறான்.”

எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. உடனே தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைத்தோம். அதுவும் பிழைதான். தணலில் தண்ணீர் பட்டதும் முன்னைவிட அதிகமாகப் புகையும் ஆவியும் கிளம்பின!

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது பேச்சு ஊர்ப் பக்கம் திரும்பியது. அந்த அம்மாவின் ஊர் தீவுப்பகுதியிலுள்ள புளியங்கூடல். 1990இல் அங்கிருந்து இடம்பெயர்ந்தவர். அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் நாங்கள். வளவும் முற்றமும் உள்ள வீடுகளில் வளர்ந்த இருவரும் இன்று ஒருவர் கூரையில் மற்றவர் தரையாக வாழ்கிறோம். அவர்கள் வீட்டில் குசினி பின்வளவில் தனியாக இருந்ததாம். ஓலைக் கூரைக்கும் அரைச்சுவருக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டிருப்பார்களாம். ஊமற்கரித் தணலில் சூடை மீன் சுட்டால் புகை பனைமரங்களுக்கு மேலால் போய்விடும். “அங்க புகைக்கு ஆகாயம் இருந்தது பிள்ளை, இங்க எங்கட வீடுதான் இருக்குது” என்றார்.

அன்று முதல் இதைப் பற்றிக் கொஞ்சம் ஆராய்ந்தேன். நன்றாகக் கனிந்த கரி அதிகம் புகைவதில்லை. புகைப்பது மூன்று: சரியாகப் பற்றாத கரி, பற்றவைக்க ஊற்றும் மண்ணெண்ணெய், தணலில் சொட்டும் கொழுப்பு. நாங்கள் மூன்றையும் ஒன்றாகச் செய்திருந்தோம். கரியின் மேல் சாம்பல் பூத்து வெண்மையாகும் வரை, ஏறத்தாழ அரைமணி நேரம், பொறுத்திருக்க வேண்டும். ஈரக் கரி ஆகவே ஆகாது. காய்ந்த சிரட்டைக்கரி நல்லது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகப் பொச்சுத்தும்பு போதும்.

ஆனால் சகோதரிகளே, பல்கனியில் கரி அடுப்பே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. மழை வந்தால் அடுப்பை அறைக்குள் இழுத்து வைப்பவர்கள் உண்டு. அது உயிராபத்து. கனிந்த கரியிலிருந்து காபனோரொட்சைட்டு என்னும் வாயு வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குபவர் எழும்பாமலே போகலாம். புகை தெரியாததால் ஆபத்தில்லை என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில் தொடர்மாடிக்காரர்களும் விறகுக்கும் கரிக்கும் திரும்பினார்களே, அப்போது இதை எத்தனை பேர் அறிந்திருந்தோம்? வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

கரியின் மணம் வேண்டுமென்றால் நிர்வாகக் குழுவிடம் கேட்டு மொட்டைமாடிக்கோ கீழே திறந்த வெளிக்கோ போங்கள். வீட்டுக்குள் என்றால் எரிவாயு அடுப்பில் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். இறைச்சியின் வெளிக்கொழுப்பை முதலில் வெட்டிவிடுங்கள். மசாலாவில் சீனி சேர்க்க வேண்டாம், அதுதான் முதலில் கருகும். ஊறிய இறைச்சியை மூடி போட்டு அதன் நீரிலேயே முக்கால் பதம் வேகவிட்டு, ஒட்டியிருக்கும் வெங்காயத் துண்டுகளைத் தட்டிவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் கல்லில் வாட்டுங்கள். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் இறைச்சியில் மெல்லப் பூசுங்கள். செக்கு நல்லெண்ணெய் 175 பாகை அளவிலேயே புகையத் தொடங்கிவிடும். நெய் 250 பாகை வரை தாங்கும். மின் அடுப்பில் கம்பித் தட்டில் சுடுபவர்கள், அடித்தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி வைத்தால் சொட்டும் கொழுப்பு எரியாது. மீனை வாழையிலையில் சுற்றி வாட்டினால் கொழுப்பு இலைக்குள்ளேயே நிற்கும்.

புகை வந்தால் வெளி யன்னலைத் திறவுங்கள். நடைபாதைக் கதவைத் திறக்காதீர்கள். அது நம் புகையைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடுவதாகும். புகை உறிஞ்சியின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருந்தால் அது வெறும் சத்தம்தான் போடும், மாதம் ஒருமுறை சுடுநீரில் கழுவுங்கள்.

போன பெருநாளுக்கு மொட்டைமாடியில் சுட்டோம், மேல்மாடி அம்மாவிடம் முதல்நாளே சொல்லிவிட்டு. பேரனுக்குக் கோழி ஒரு தட்டுப் போயிற்று. தணலை இரும்பு வாளியில் இட்டு, மூடி, அங்கேயே ஒரு இரவு ஆறவிட்டோம். குப்பையில் கொட்டிய தணல் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். காலையில் அந்த அம்மா சாம்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், தம் கறிவேப்பிலைச் செடிக்கு.