சளிக்காய்ச்சலுங் கணக்கும்

ஐப்பசி மழை தொடங்கியதும் எம்மூராகிய தாராபுரத்தில் வீடுதோறும் இருமலொலி கேட்கும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு விடியலிற் செல்லும் பேருந்தின் சன்னல்கள் மழைக்கஞ்சி அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பார் சிலர், நிற்பார் பலர். ஒருவர் தும்மின் நால்வர் முகந்திருப்புவர். இக்காய்ச்சலின் போக்கைக் கணிதத்தால் அளக்கலாம் என்று கேட்டபோது, இலக்கணம் பயிலும் யாம் முதலில் நகைத்தோம்; பின்னர் வெட்கினோம்.

அக்கணக்கின் வேர் நம் நாட்டிலும் ஓடியுள்ளது. இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்து கசௌலியில் ஆராய்ந்த மெக்கென்ட்ரிக் என்பார் 1920இல் தாயகம் மீண்டார். ஆய்வுக்கூட விபத்தால் 1924இற் கண்ணிழந்த கெர்மாக்கோடு கூடி, 1927இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நோய் பற்றத்தக்கார், நோயுற்றார், தேறியோ இறந்தோ நீங்கினார் என மக்களை மூவகையாக்கி, 1905-06இற் பம்பாயிற் பிளேக்கால் மாண்டோர் தொகையோடு தம் கணக்கை ஒப்பிட்டனர்.

சளிக்காய்ச்சற் கிருமியோ ஓரினமன்று. எம் பக்கத்துக் கொறங்காட்டை நினைமின்: கிளுவை வேலிக்குள் ஒரு மந்தை மேய்ந்தபின் வரும் மந்தைக்குப் புல் குறையும். அவ்வாறே ஓரினத்தால் நோயுற்றுத் தேறியவரை அதற்கு உறவான இனம் எளிதிற் பற்றாது. 1957இற் பரவிய எச்2என்2 பழைய எச்1என்1 இனத்தை அகற்றியது. 1968இல் அதனையும் எச்3என்2 அகற்றியது.

நிற்க. நூறு நோயாளர் உளர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் சராசரி 1.3 பேர்க்குப் பரப்பின், பத்தாஞ் சுற்றிற் புதிதாய் வீழ்வார் ஏறக்குறைய 1,380 பேர். ஒரு சுற்றுக்கு மூன்று நாள் எனின், இவையெல்லாம் ஒரு திங்களுள் முடியும். அந்த 1.3ஐ 0.9 ஆக்கின் வீழ்வார் 35 பேரே! தடுப்பூசியும், காய்ச்சல் கண்ட முதற் சில நாள் வீட்டிலிருத்தலும் அவ்வெண்ணைக் குறைக்கும்.

'காய்ச்சலெனின் வீட்டிலிருப்பதுதானே?' என்பாரும் உளர். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்க்கு வராத நாளுக்குக் கூலியில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் அது தெரியும். ஆகவே மாத்திரை விழுங்கிப் பேருந்தேறுவர். 1948ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டமும் நோய்க்கால உதவித்தொகையில் முதலிரு நாட்களை நீக்கியே வைத்தது. பொய் நோய்க்கு அஞ்சி வைத்தனர் போலும். ஆயின் இக்காய்ச்சல் பிறரை மிகப் பற்றுவது அம்முதல் நாட்களிலேயே! பரவுதற்குரிய நாளிற் கூலியின்றி, பரவல் தணியும் நாளில் உதவி தருவது எவ்வகைக் கணக்கு?

முதலாளிமார் இழப்பென்பர். ஒரு லைனிற் பத்துப் பேர் ஒருங்கே படுத்து ஆர்டர் தாமதமாவதை அவர்கள் கணக்கிலெழுதுவதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையேனும், காய்ச்சல் கண்ட முதலிரு நாட்களுக்குக் கூலி தந்து பார்க்கட்டும் என்பதே எம் வேண்டுகோள்.